இருபத்தேழு, ஹர்ட்டு

என் மகள் இருபத்தேழு ரன்னில் எட்டு மாதம் நின்றாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் சுவரில், அடுப்புக்கரியால் எழுதியிருந்தது. பெயருக்குப் பதில் அவளுடைய சட்டை எண். பக்கத்தில் 27. அதற்கும் பக்கத்தில் ஹர்ட்டு. தென்மேற்கு மழை சாரலடித்து எழுத்தைக் கரைத்தபோதெல்லாம் யாரோ அதன் மேலேயே திரும்பவும் எழுதியிருக்கிறார்கள். அதனால் அந்த ஒரு வரி மட்டும் மற்ற வரிகளைவிடத் தடிமனாக இருந்தது. நான் பள்ளிக்குப் போகும் வழி அதுதான். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பார்ப்பேன். பார்த்து எதுவும் தோன்றாது. பார்க்காமல் போகவும் முடியாது.

ரிட்டயர்ட் ஹர்ட் என்பதைத்தான் எங்கள் எஸ்டேட்டில் ஹர்ட்டு என்பார்கள். மட்டையோடு நிற்கிற ஒருவருக்கு அடிபட்டு, மேற்கொண்டு ஆட முடியாமல் வெளியே போனால் அது அவுட் இல்லை. அவர் எடுத்த ரன் அப்படியே இருக்கும். பின்னால் ஒரு விக்கெட் விழும்போது அவர் திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து ஆடலாம். இன்னிங்ஸ் முடிவதற்குள் வர வேண்டும், அவ்வளவுதான். வராமலே போனாலும் அவுட் என்று எழுத மாட்டார்கள்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் மகள். நான் நடுநிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஒரு வருடம் பள்ளி மலருக்கு விளையாட்டு விழா அறிக்கையை என்னை எழுதச் சொன்னார்கள். 'காயமுற்று ஓய்வு பெற்றார்' என்று எழுதி அவளிடம் காட்டினேன்.

"ம்மா, இதப் படிச்சா தாத்தா ஒருத்தர் வேலைய விட்டு நின்னுட்டாருன்னு நெனப்பாங்க" என்றாள்.

"சரி, காயத்தால் வெளியேறினார்?"

"வெளியேறினார்னா முடிஞ்சு போச்சு. முடியலம்மா. அவங்க பெவிலியன்ல உக்காந்து ஐஸ் வெச்சுட்டு இருக்காங்க. எப்ப வேணா வருவாங்க."

அந்த 'எப்ப வேணா'வுக்கு எனக்குத் தமிழ் கிடைக்கவில்லை. அந்த வரியையே எடுத்துவிட்டேன்.

எஸ்டேட்காரர்கள் யாரும் அதற்குத் தமிழ் தேடவில்லை. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி காய்ச்சலில் படுத்தால் பக்கத்து வீட்டுக்காரி சூப்பர்வைசரிடம், "அவ இன்னிக்கு ஹர்ட்டுங்க, நாளைக்கு வந்துருவா" என்பாள். ஃபேக்டரியில் டிரையர் நின்றுபோனால் போர்டில் 'டிரையர் ஹர்ட்டு' என்று எழுதுவார்கள். பிரேக்டவுன் என்று எழுதினால் மேனேஜர் கோபப்படுவாராம். கல்யாணமான பெண் சண்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தால், "என்ன, ஹர்ட்டுல வந்திருக்கியா?" என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயனில் கேட்பார்கள். அவளும் சிரித்துவிடுவாள். திரும்பிப் போகலாம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது.

எங்கள் கிரவுண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரவுண்ட் என்பது பெரிய வார்த்தை. சரிவை வெட்டிச் சமன் செய்த ஒரு துண்டு நிலம். மேல்பக்கம் கொட்டகைச் சுவர். கீழ்ப்பக்கம் விளிம்பிலிருந்தே தேயிலைச் செடி இறங்குகிறது. பந்து நேராகப் பறந்து செடிக்குள் விழுந்தால் அவுட். தரையில் பட்டு உருண்டு போனால் இரண்டு ரன். எப்படிப் போனாலும் அடித்தவர்தான் இறங்கி எடுத்து வர வேண்டும்.

இறங்குவதற்கு முன் தகரம் தட்ட வேண்டும். விளிம்பில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் ஒரு பழைய எண்ணெய் டின்னைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு குச்சி. பத்துத் தட்டு தட்டிவிட்டு இருபது எண்ணும்வரை நிற்க வேண்டும். செடிக்குள் காட்டெருமை படுத்திருந்தால் சத்தம் கேட்டு எழுந்து தானாகப் போய்விடும். சத்தமில்லாமல் பக்கத்தில் போய் அதைத் திடுக்கிட வைத்தால்தான் ஆபத்து. கொழுந்து பறிக்கப் போகிறவர்களும் இப்படித்தான் செய்வார்கள். கிரவுண்டுக்கு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஃபேக்டரி ஃபிட்டர். பிள்ளைகளுக்கு அவர் ஃபிட்டர் மாமா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் அம்பயர். பிள்ளைகள் வெறும் பேச்சுக்குக் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் தகரம் தட்டாமல் இறங்கினால் அவுட் என்று சேர்த்துவிட்டார். எருமைக்குப் பயப்படாத பிள்ளைகள் அவுட்டுக்குப் பயந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேல் லயனுக்கும் கீழ் லயனுக்கும் ஆட்டம். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் மேல் லயனோடு சேர்த்தி. மகளுக்குப் பதினாறு வயது. கண் பரிசோதனைக்காகக் குன்னூர் போக வேண்டும், கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாலரை பஸ்ஸை விட்டால் ஞாயிறு மாலையும் இருக்கிற அந்த ஒரு டாக்டரைப் பார்க்க முடியாது. நான் குடையும் கைப்பையுமாக விளிம்புப் பக்கம் வந்து நின்றேன். கீழேயிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஒரு பந்தைத் தட்டிவிட்டாள். அது உருண்டு செடிக்குள் போனது. இருபத்தைந்தாக இருந்தது இருபத்தேழு ஆனது. அவள் மட்டையைப் போட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடி வந்து குச்சியைக் கையில் எடுத்தாள்.

"அத வெச்சுட்டு நின்னுட்டு இருக்காத" என்றேன். "நேத்து முச்சூடும் இங்கதான் கொழுந்து பறிச்சாங்க. ஒண்ணும் இருக்காது. பஸ்ஸு வந்துரும், ஓடி எடுத்துப் போட்டுட்டு வா கண்ணு."

"தகரம்மா" என்றாள்.

"ஓடு."

அவள் குச்சியை வைத்துவிட்டு இறங்கினாள். நான் கைப்பையில் சில்லறை இருக்கிறதா என்று பார்த்தேன். பத்தடி போயிருப்பாள். தலையைத் தூக்கியபோது செடிகளுக்கு மேலே ஒரு கருத்த முதுகு எழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. அவளுடைய ஒரு செருப்பு கிரவுண்டுக்குள் வந்து விழுந்தது. அதை எடுத்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் போட்டேன் என்று தெரியாது.

நான் சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. மற்றவர்கள் எல்லோரும் மேல்பக்கம் இருந்தார்கள். அவள் தகரம் தட்டாமல் இறங்கியதை மட்டும்தான் பார்த்தார்கள்.

மேனேஜர் ஜீப்பில் குன்னூர். அங்கே எக்ஸ்ரே எடுத்துவிட்டு, இடுப்பிலும் தொடையிலும் முறிவு, கோயம்புத்தூர் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் ஒவ்வொரு ஹேர்பின்னிலும் சாயும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பர்லியாரில் ஒரு லாரிக்கு வழிவிட நின்றோம். வெளியே பழக்கடைக்காரர்கள் மங்குஸ்தானை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ம்மா. ஹர்ட்டுன்னு எழுதச் சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் கணவர் ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர். ஷிஃப்டை ஒப்படைத்துவிட்டு மறுநாள் காலையில் வந்தார். கட்டிலருகே வந்து முதலில் அவள் நெற்றியில் கை வைத்தார். பிறகு கேட்டார்.

"தகரம் தட்டினியா, இல்லியா?"

"மறந்துட்டேன்ப்பா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

"மறந்துட்டியா? எத்தன தடவ சொல்லியிருக்கேன். அறிவிருக்கா உனக்கு? ரெண்டு ரன்னுக்கு அவ்ளோ அவசரமா?" அவருடைய குரல் உடைந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். உரிப்பதை நிறுத்தவில்லை. சுளையை மூடிய வெள்ளை நாரைக்கூட ஒவ்வொன்றாக எடுத்தேன். அவர் திட்டி முடிக்கும்போது பழம் சுத்தமாக இருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம். வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார். 'எச்சரிக்கை ஒலி எழுப்பாமல் சென்றதால்' என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். அறுவைசிகிச்சை நடந்தது. தொடைக்குள் கம்பி வைத்தார்கள். பார்க்க வந்த ஒவ்வொருவரும் கேட்டார்கள், தகரம் தட்டலியா என்று. ஒவ்வொருவரிடமும் அவள் மறந்துட்டேன் என்றாள். சொல்லிச் சொல்லி அவள் வாயில் அது பழகிவிட்டது. எனக்கும் கேட்டுப் பழகிவிட்டது. சில நாட்கள் அதுதான் நடந்தது என்றே இருந்தது.

ஒருநாள் தனியாக இருக்கும்போது, "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"எப்படி?"

"மறந்துட்டேன்னு."

"விடும்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றாள். திரும்ப முடியவில்லை. நான்தான் தலையணையைச் சரிசெய்து அவளைத் திருப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் வாக்கர், பிறகு கைத்தடி. இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. கோயம்புத்தூர் பிசியோதெரபிஸ்ட் கிரிக்கெட் பிரியர். சுவரில் இருபத்தேழு இருப்பதை இவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள். "அப்ப நாட் அவுட். சரி, காலத் தூக்கு" என்று ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லியே தூக்க வைத்தார். வீட்டில் நான் அவளைத் தனியாகப் பாத்ரூமுக்குக்கூட விடவில்லை. பள்ளியில் பாடம் நடத்தும்போது நடுவில் வெளியே வந்து போன் செய்வேன். எடுக்க மூன்று ரிங் ஆனால் கட் செய்துவிட்டுத் திரும்ப அடிப்பேன். எடுத்ததும், "என்னம்மா" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். வகுப்புக்குள் திரும்பி வந்தால் எந்தச் செய்யுளில் விட்டேன் என்று தெரியாது. பிள்ளைகள்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கிரவுண்டுக்குப் போய்ட்டு வாறேன்."

"வேண்டாம்."

"பாத்துட்டு மட்டும் வாறேன்மா. நீயும் வா."

போனேன். அவளைப் பார்த்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். காலைத் தொட்டுப் பார்க்கலாமா, கம்பி ஏர்போர்ட்டில் சத்தம் போடுமா என்றெல்லாம் கேட்டார்கள். ஸ்கோர் எழுதுகிறவள் என் வகுப்பு மாணவி, ஏழாவது படிக்கிறாள். அவள்தான் கையைப் பிடித்துச் சுவருக்குக் கூட்டிப்போனாள்.

"அக்கா, உங்களுது பாருங்க. மழைக்கு அழிய அழிய நான்தான் எழுதினேன். அந்த மேட்ச் இன்னும் முடியல. பதினாலு ரன் வேணும்."

மகள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எட்டு மாதத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்க்கவில்லை. "இன்னிக்கே முடிச்சிரலாமா மாமா?" என்று ஃபிட்டரிடம் கேட்டாள். "ஓடறதுக்கு யாராச்சும் ரன்னர் வந்தாப் போதும். நான் நின்னு ஆடறேன்."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கீழ் லயன் கேப்டன் முன்னால் வந்தான். வர்க்கி பிஸ்கட் போடும் பேக்கரியில் வேலை செய்யும், மகளைவிடச் சின்னப் பையன். தயங்கித் தயங்கித்தான் பேசினான்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. ஹர்ட்டுன்னா ஒத்துக்கறோம். ஆனா அன்னைக்கு தகரம் தட்டலயே. தட்டாம எறங்கினா அவுட்டுன்னு நீங்கதான் போட்டீங்க. அக்கா ஆஸ்பத்திரில கெடந்தாங்கன்னு இத்தன நாளு நாங்க பேசல."

"டேய், அந்தப் புள்ள செத்துப் பொழச்சு வந்திருக்கு. உனக்கு ரூல்ஸா?" என்றாள் மேல் லயன் பெண் ஒருத்தி.

"செத்துப் பொழச்சதுனாலதான் ரூல்ஸு வேணும்ங்கறேன். நாளைக்கு இன்னொரு பொடிசு தட்டாம எறங்கும். கேட்டா, அக்காவுக்கு மட்டும் அவுட் குடுக்கலியேன்னு சொல்லும்."

அவன் சொன்னதில் தவறில்லை. ஃபிட்டர் குரங்குக் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கடைசியில் மகளிடம் திரும்பினார்.

"நீயே சொல்லு கண்ணு. தட்டினியா?"

"இல்லீங்க மாமா" என்றாள். "மறந்துட்டேன். அவன் சொல்றது சரிதான். அவுட்டு. அழிச்சிருங்க."

சொல்லிவிட்டு கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்திலிருந்தது போய்விட்டது. ஸ்கோர் எழுதுகிற பெண் அவளையே பார்த்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு துணியை நனைத்தாள். துணியைச் சுவரில் வைக்கப்போனாள்.

"அழிக்காத" என்றேன்.

அவள் கை நின்றது.

"நான்தான் தட்ட வேண்டாம்னு சொன்னேன்."

"என்னங்க டீச்சர்?" என்றார் ஃபிட்டர்.

"அவ குச்சிய எடுத்துட்டா. பஸ்ஸுக்கு நேரமாச்சு, போய் எடுத்துட்டு வான்னு நான்தான் வெரட்டினேன். அவ மறக்கல."

"ம்மா, சும்மா இரு" என்றாள் மகள். அழுகிற குரல்.

நான் அழவில்லை. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில்தான் சொன்னேன். என் வாயிலிருந்து வந்ததை நானே வெளியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. கேப்டன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தச் செய்தி ஃபேக்டரிக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகாது என்று நினைத்தேன். டீ மேக்கர் அறைக்குப் போய்ச் சொல்ல இங்கேயே நாலு பேர் இருந்தார்கள். இதை நான் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும், முதலில் அவரிடம். அதுவும் தவறிப்போனது.

ஃபிட்டர் குல்லாவைத் திரும்ப மாட்டிக்கொண்டார். என்னைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினார்.

"குச்சிய எடுத்திருக்கா. ஆட்டத்துல இல்லாதவங்க உள்ள பூந்து தடுத்திருக்காங்க. அது ஆடறவ தப்பில்ல. அவுட் கெடையாது. ஹர்ட்டு."

"சரிங்க மாமா" என்றான் கேப்டன். பிறகு, "அப்ப யாருதான் அவுட்டு?"

"டீச்சர்தான்" என்றாள் ஸ்கோர் எழுதுகிறவள்.

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் தலையை ஆட்டினேன். கொட்டகைப் படியில் போய் உட்கார்ந்தேன்.

ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். ஹர்ட்டில் போனவர் உள்ளே வர ஒரு விக்கெட் விழ வேண்டும். மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோள் என்மேல் படவில்லை, ஆனால் தள்ளியும் இல்லை. இரண்டு ஓவருக்கு விக்கெட் விழவில்லை. நாலு ரன் வந்தது.

"அப்பாகிட்ட என்ன சொல்லுவ?" என்று கேட்டாள்.

"தெரியல."

"கத்துவாரு."

"கத்தட்டும்."

அடுத்த பந்தில் ஒருவன் கேட்ச் கொடுத்தான். "அக்கா, வாங்க" என்று கத்தினார்கள். அவள் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். பிடித்த கையை விடுவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சமனில்லாத காலோடு அவள் நடந்துபோய், மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளுக்காக ஓட, கேப்டனைத் திட்டிய அந்த மேல் லயன் பெண் பக்கத்தில் நின்றாள். கேப்டன்தான் பந்து வீசினான். அவன் மெதுவாக வீசவில்லை. முதல் இரண்டு பந்தைத் தடுத்தாள். மூன்றாவது பந்தைத் தட்டிவிட்டாள். அது கீழ்ப்பக்கம் உருண்டு, விளிம்பைத் தாண்டிச் செடிக்குள் போனது.

இரண்டு ரன். இருபத்தொன்பது. ஸ்கோர் எழுதுகிறவள் கரியை எடுத்துக்கொண்டு சுவருக்கு ஓடினாள்.

அடித்தவர்தான் எடுக்க வேண்டும். அவளால் சரிவில் இறங்க முடியாது. அவளுக்காக ஓடுகிறவள்தான் இறங்க வேண்டும். அந்தப் பெண் விளிம்புக்கு வந்தபோது நான் அங்கே நின்றிருந்தேன். படியிலிருந்து எப்போது எழுந்தேன் என்று நினைவில்லை.

"நில்லு" என்றேன்.

குச்சியை எடுத்து டின்னைத் தட்டினேன். சத்தம் சரிவு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பத்து வந்தது. நிறுத்தவில்லை. செடிகளுக்குமேல் எதுவும் அசையவில்லை. வெயில்தான் இருந்தது. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது.

"போதுங்க டீச்சர்" என்றான் கேப்டன். "எரும இருந்திருந்தா இந்நேரம் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்திருக்கும்."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். மகளுடைய சிரிப்பும் அதில் கேட்டது.

குச்சியை இருந்த இடத்தில் வைத்தேன். இறங்க வேண்டிய பெண் என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் இருபது எண்ணணும்" என்றேன்.

அவள் சத்தமாக எண்ணத் தொடங்கினாள்.